தானுகந்த முகம்: ஒரு வெளிச்சத் தட்டின் கதை

ஸ்ரீபெரும்புதூர் என்றவுடன் இப்போது எல்லோருக்கும் ஞாபகம் வருவது தொழிற்சாலைகள். இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் கார் தயாரிக்கும் ஹூண்டாய், ஒரகடம் பக்கம் போனால் ரெனோ, ராயல் என்ஃபீல்டு, ஷிப்ட் மாறும் நேரத்தில் ரோட்டை நிறைத்துக்கொண்டு போகும் கம்பெனி பஸ்கள். இதற்கெல்லாம் வெகுகாலம் முன்பே இந்த ஊருக்கு ஒரு பெருமை உண்டு. ராமானுஜர் பிறந்த ஊர் இது. இங்குள்ள ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் இருக்கும் அவருடைய திருமேனிக்குத் தனியாக ஒரு பெயர் இருக்கிறது: தானுகந்த திருமேனி.

ராமானுஜருக்கு மூன்று திருமேனிகள் என்பது வைணவ மரபு. ஸ்ரீரங்கத்தில் இருப்பது தானான திருமேனி, அதாவது அவரே. மேல்கோட்டையில் இருப்பது தமருகந்த திருமேனி. அவரைப் பிரிய மனமில்லாத அடியார்கள் வைத்துக்கொண்டது. ஸ்ரீபெரும்புதூரில் இருப்பது, அவர் உயிரோடு இருந்தபோதே வடிக்கப்பட்டு, அவரே பார்த்துத் தழுவி ஏற்றுக்கொண்டது என்கிறார்கள். மரபுக் கணக்குப்படி அவர் காலம் 1017 முதல் 1137 வரை. இதில் வரலாறு எவ்வளவு, நம்பிக்கை எவ்வளவு என்ற விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். ஒரு மனிதரின் உருவத்தைச் செய்து, அது அவருக்குப் பிடித்திருந்தது என்பதையே அதற்குப் பெயராக வைத்த ஊர் இது.

தன் படம் தனக்கே பிடிப்பது அவ்வளவு சுலபமா என்ன? சந்தேகம் இருப்பவர்கள் தங்கள் வாக்காளர் அட்டையை எடுத்துப் பார்க்கலாம் :)

அந்த அட்டையில் நம் முகம் அப்படி இருப்பதற்குக் கேமராவை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பாதிக் குற்றம் வெளிச்சத்துடையது. இன்று உருவப்படம் எடுப்பவர்கள் 'பியூட்டி டிஷ்' என்று ஒரு தட்டைப் பெரிதாகப் பேசுகிறார்கள். அந்தத் தட்டு என்ன செய்கிறது என்று புரியவேண்டுமானால், தமிழ்நாட்டு முகங்கள் மேல் இதுவரை என்னென்ன வெளிச்சம் விழுந்தது என்று முதலில் பார்க்கவேண்டும்.

புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது 1839-இல். 1850-களில் அது சென்னை மாகாணத்தில் கால் ஊன்றிவிட்டது. லின்னேயஸ் ட்ரைப் என்ற ராணுவ அதிகாரி 1858-இல் தஞ்சாவூர், மதுரை, ஸ்ரீரங்கம் என்று சுற்றிக் கோயில்களைப் படமெடுத்தார். கல் அசையாது. மனிதன் அசைவான். அதனால் முகங்களுக்கு ஸ்டுடியோ தேவைப்பட்டது, ஸ்டுடியோவுக்கு நிறைய வெளிச்சம் தேவைப்பட்டது. அப்போது மின்விளக்கு கிடையாது. ஆகவே கூரையின் ஒரு சரிவையே கண்ணாடியாகப் போட்டார்கள். (ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட்-கோபைன் ஆலை தட்டைக் கண்ணாடி தயாரிக்க ஆரம்பித்தது 2000-இல். கண்ணாடிக் கூரை ஸ்டுடியோக்களின் காலம் அதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே முடிந்துபோயிருந்தது.)

கண்ணாடி வடக்குப் பார்த்து இருக்கவேண்டும் என்பது ஐரோப்பியப் பாடம். அங்கே வடக்கு வானத்திலிருந்து நேர் வெயில் உள்ளே வராது, மென்மையான வெளிச்சம் மட்டும் வரும். நம் ஊரில் இந்தப் பாடம் பாதி வருடம்தான் சரியாக வேலை செய்யும். சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் பாதிவரை உச்சிவேளைச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அக்னி நட்சத்திரத்தில் வடக்குக் கண்ணாடி வழியாகவே வெயில் இறங்கும். எனவே கண்ணாடிக்குக் கீழே கம்பி கட்டி, திரைச்சீலைகளைத் தொங்கவிட்டு, கயிற்றால் இழுத்துத் திறந்து மூடி வெளிச்சத்தைச் சரி செய்யவேண்டும். வெளிச்சத்தை மாற்றும் கருவிகளில் முதலாவது இந்தச் சீலைதான். சாஃப்ட்பாக்ஸ், குடை, பியூட்டி டிஷ் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்.

இந்த மெல்லிய வெளிச்சம் முகத்துக்கு மிகவும் நல்லது. ஆனால் கெடுத்தது வேறொன்று. அன்றைய ரசாயனத் தகடுகளுக்கு நீல நிறம் மட்டும்தான் நன்றாகத் தெரியும், சிவப்பு தெரியாது. நம் தோல் பழுப்பு, அதிலிருந்து திரும்பி வரும் ஒளியில் சிவப்புதான் அதிகம், நீலம் கொஞ்சம். விளைவு? மாநிறமானவர் படத்தில் கறுப்பாக வந்தார், கறுப்பானவர் கண்ணும் பல்லும் வேட்டியும் மட்டுமாக வந்தார். 1873-இல் ஜெர்மனியின் ஹெர்மன் ஃபோகல், சாயம் சேர்த்தால் தகட்டுக்குப் பச்சையும் தெரியும் என்று கண்டுபிடித்தார். சிவப்பு வரை பார்க்கும் பாங்க்ரோமாட்டிக் தகடு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் கடைக்கு வந்தது, பரவலாகப் புழங்க 1920-களும் 30-களும் ஆயின. அதாவது ஏறத்தாழ 80 வருடம், கேமரா நம் மக்களை அவர்கள் இருந்ததைவிடக் கறுப்பாகவே காட்டியது.

காசு கொடுத்துப் படம் எடுக்க வந்தவருக்கு இது பிடிக்குமா? பிடிக்காது. போட்டோ எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்த காலம் வேறு. அதையும் மீறி, இருப்பதில் நல்ல பட்டை உடுத்திக்கொண்டு வந்தவர் தன் முகமே தெரியாத படத்தை எப்படி வாங்கிப் போவார்? ஸ்டுடியோக்காரர்கள் இரண்டு வழி வைத்திருந்தார்கள். ஒன்று, எடுப்பதற்கு முன் முகத்தில் பவுடர். இன்னொன்று, எடுத்த பின் 'டச்சிங்'. நெகட்டிவ்வின் மேல் கூர்மையான பென்சிலால் மெல்லப் புள்ளி வைத்துக்கொண்டே போவார்கள். பென்சில் கரி பட்ட இடத்தில் ஒளி தடைபடும், அச்சில் அந்த இடம் வெளுக்கும். கன்னத்துக் குழி, அம்மைத் தழும்பு, கண்ணுக்குக் கீழ் கருமை எல்லாம் காணாமல் போகும். அசாத்தியப் பொறுமை வேண்டிய வேலை அது. இப்போது ஒரு விரல் தேய்ப்பில் நடப்பதை அன்று ஒரு மனிதர் நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து செய்தார்.

இந்தப் பழைய ஸ்டுடியோப் படங்களில் பல கரையானுக்கும் குப்பைக்கும் போனது போக, மிச்சமிருந்தவற்றில் ஆயிரக்கணக்கானவற்றைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தேடி எடுத்து எண்ணிம வடிவில் பாதுகாத்திருக்கிறது. ஜோய் ஹெட்லி தலைமையில் 2010-களில் நடந்த அந்தத் திட்டம் 1880 முதல் 1980 வரையிலான தமிழ் ஸ்டுடியோப் படங்களை எடுத்துக்கொண்டது. பார்த்தால் நேரம் போவதே தெரியாது.

அதே காலத்தில் இன்னொரு வகைப் படமும் எடுக்கப்பட்டது. சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக 1885 முதல் 1908 வரை இருந்த எட்கர் தர்ஸ்டன், கையில் அளவுகோலும் கேமராவுமாகத் தென்னிந்தியச் சாதிகளையும் பழங்குடிகளையும் 'அளந்தார்'. மூக்கின் நீள அகலம் உட்பட. 1909-இல் வந்த அவருடைய ஏழு தொகுதி நூலில் இருக்கும் முகங்களைப் பார்த்தால் ஒன்று புரியும். அந்த முகங்களுக்கு யாரும் திரைச்சீலை இழுத்துச் சரி செய்யவில்லை. பவுடர் இல்லை, டச்சிங் இல்லை, பிடித்திருக்கிறதா என்ற கேள்வியும் இல்லை. ஒரே காலம், ஒரே மாகாணம், ஒரே வகைத் தகடு. காசு கொடுத்தவருக்கு ஒரு முகம், அளக்கப்பட்டவருக்கு ஒரு முகம். ஸ்டுடியோ டச்சிங்கைப் பொய் என்று சுலபமாகத் திட்டிவிடலாம். ஆனால் இந்த 'உண்மை'யைப் பார்த்தபின் அந்தப் பொய்மேல் கொஞ்சம் அனுதாபம் வரத்தான் செய்கிறது.

பிறகு மின்சாரம் வந்தது. ஸ்டுடியோ மாடியிலிருந்து கீழே இறங்கியது, கண்ணாடிக்குப் பதில் அலுமினியத் தட்டுக்குள் பெரிய பல்பு. ஃபோட்டோஃப்ளட் என்ற அந்த பல்பு அளவுக்கு மீறி எரியும், சில மணி நேரத்தில் ஆயுள் முடிந்துவிடும். அதற்குள் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வியர்த்து ஊற்றிவிடும். பவுடர் கரையும், மறுபடி போடவேண்டும்.

ஹாலிவுட்டில் இதே 1930-களில் விளக்கை முகத்துக்கு நேரே, ஆனால் உயரத்தில் வைத்துக் கீழ்நோக்கிப் பாய்ச்சும் முறை பேர்பெற்றது. மூக்குக்குக் கீழே பட்டாம்பூச்சி மாதிரி சின்ன நிழல் விழும், கன்ன எலும்பு எடுப்பாகத் தெரியும். மார்லீன் டீட்ரிச்சின் முகம் உலகப் புகழ் பெற்றதில் பாதிப் பங்கு இந்த விளக்குக்கு உண்டு. பியூட்டி டிஷ் பிற்பாடு செய்ததும் இதே வேலையைத்தான், கொஞ்சம் மென்மையாக.

நம் சினிமாவும் விளக்கைக் கொட்டியது, அதோடு மேக்கப்பையும் கொட்டியது. பன்னிரண்டாம் வகுப்பு சிபிஎஸ்இ படித்தவர்களுக்கு அசோகமித்திரனின் பான்கேக் கதை ஞாபகம் இருக்கும். ஜெமினி ஸ்டுடியோவில் அந்த மேக்கப் பொருளை லாரி லாரியாக வாங்கிப் பூசியதைப் பற்றி அவர் கிண்டலாக எழுதியது பாடமாகவே இருக்கிறது. கிண்டலுக்குப் பின்னால் ஒரு தொழில்நுட்பக் காரணம் இருந்தது. அவ்வளவு விளக்குக்கு முன் வெறும் தோல் திட்டுத் திட்டாகப் பளபளக்கும். பூச்சு அந்தப் பளபளப்பைக் கொன்றுவிடும்.

இந்தப் பளபளப்பு விஷயத்தில் கொஞ்சம் நிற்கவேண்டும். முழுக் கதையும் இதில்தான் இருக்கிறது.

தோலில் படும் ஒளி இரண்டு விதமாகத் திரும்புகிறது. ஒரு பகுதி மேற்பரப்பிலேயே கண்ணாடியில் பட்டது போலத் தெறித்துவிடும். நேராகப் பட்டால் இது நூற்றுக்கு நான்கைந்து பங்குதான், கறுப்புத் தோலுக்கும் வெள்ளைத் தோலுக்கும் இதில் பெரிய வித்தியாசம் இல்லை. மீதி ஒளி தோலுக்குள் நுழைந்து, சிதறி, நிறத்தை ஏந்திக்கொண்டு வெளியே வரும். உள்ளே மெலனின் அதிகம் இருந்தால் அதில் பெரும்பங்கை அது விழுங்கிவிடும். எனவே வெளிர் தோலில் முகத்தின் வடிவத்தைக் காட்டுவது பெரும்பாலும் உள்ளிருந்து வரும் ஒளி. கருந்தோலில் வடிவத்தைக் காட்டுவதில் மேலே தெறிக்கும் பளபளப்புக்குப் பெரிய பங்கு உண்டு. கோயில் கருவறையில் எண்ணெய் பூசிய கருங்கல் சிலையை நினைத்துக்கொள்ளுங்கள். மூக்கும் கன்னமும் தோளும் நமக்குத் தெரிவது அதன்மேல் ஓடும் விளக்கொளியின் கோடுகளால்தான்.

பளபளப்பு என்றால் பிரதிபலிப்பு. பிரதிபலிப்பில் தெரிவது விளக்கின் உருவம். விளக்கு சின்னதாக இருந்தால் நெற்றியில் ஒரு வெள்ளைப் புள்ளி, மூக்கு நுனியில் ஒரு புள்ளி, அவ்வளவுதான். அது எண்ணெய் வழிவது போலத் தெரியும். விளக்கு பெரிதாக, அருகில் இருந்தால் அதே பிரதிபலிப்பு கன்ன எலும்பின் வளைவு முழுக்க மெல்லப் பரவும். கருந்தோல் முகத்துக்கு இன்னும் நிறைய வெளிச்சம் கொட்டவேண்டும் என்பதும், தோலை வெளுத்தால்தான் முகம் தெரியும் என்பதும் தவறான வைத்தியம். வெளிச்சத்தின் அளவோடு அதன் உருவத்தையும் மாற்றவேண்டும்.

இங்கேதான் பியூட்டி டிஷ் வருகிறது. பார்ப்பதற்குக் கல்யாண வீட்டு பேசின் மாதிரி இருக்கும். குறுக்களவு சாதாரணமாக 40 முதல் 70 சென்டிமீட்டர். நடுவில் ஃபிளாஷ். அதற்கு நேர் முன்னால் ஒரு சின்ன வட்டத் தகடு. ஃபிளாஷின் ஒளி நேராக முகத்துக்குப் போகமுடியாமல் அந்தத் தகட்டில் மோதித் திரும்பி, தட்டின் உட்புறம் முழுக்கப் பரவி, அங்கிருந்து மறுபடி முன்னோக்கிப் போகும். வெறும் பல்பு இப்போது ஒரு பெரிய வளையமாக மாறிவிட்டது. உட்புறம் வெள்ளையாக இருந்தால் ஒளி மென்மை, வெள்ளியாக இருந்தால் பளிச்சென்று கடினம். வாயில் வெள்ளைத் துணி கட்டினால் கிட்டத்தட்ட வட்டமான சாஃப்ட்பாக்ஸ் ஆகிவிடும், தட்டின் தனிக் குணம் குறைந்துவிடும். சாஃப்ட்பாக்ஸ் முகத்தை மெழுகிவிடும், வெறும் விளக்கு வெட்டிவிடும். தட்டு இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நிழலின் ஓரம் மெல்லக் கரையும், ஆனால் நிழல் இருக்கும்.

இதை வாங்கிவிட்டுப் பலர் செய்யும் தவறு, தூரத்தில் வைப்பது. தட்டின் குறுக்களவைப் போல ஒன்றிரண்டு மடங்கு தூரத்தில், அதாவது முகத்துக்கு மிக அருகில், சற்று உயரத்தில் சாய்த்து வைத்தால்தான் அது 'பெரிய' விளக்கு. மூன்று மீட்டர் தள்ளி வைத்தால் தட்டும் வெறும் பல்பும் ஒன்றுதான். அருகில் வைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. தூரம் இரண்டு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகக் குறையும் என்ற பள்ளிக்கூட விதிப்படி, முகம் பிரகாசமாகவும் கழுத்துக்குக் கீழே சீக்கிரம் மங்கலாகவும் ஆகும், பார்வை முகத்திலேயே நிற்கும். தட்டுக்கு ஒரு அடையாளமும் உண்டு: படத்தில் இருப்பவரின் கண்மணியை உற்றுப் பாருங்கள். நடுவில் கறுப்புப் பொட்டு வைத்த வெள்ளை வட்டம் தெரிந்தால் அது பியூட்டி டிஷ்.

தட்டே இல்லாமல் இதைப் புரிந்துகொண்டவர்களும் நம்மிடம் இருந்தார்கள். மட்டக்களப்புக்குப் பக்கத்தில் அமிர்தகழியில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு படித்த பாலு மகேந்திரா அவர்களில் முக்கியமானவர். 1978-இல் 'முள்ளும் மலரும்' படத்தில் அவர் ஒளிப்பதிவில் வரும் ரஜினிகாந்தையும் ஷோபாவையும் பாருங்கள். ஜன்னல் வெளிச்சம், வாசல் வெளிச்சம், மரத்தடி வெளிச்சம். மாநிறம் மாநிறமாகவே இருக்கிறது, அழகாகவும் இருக்கிறது. ஒரு ஜன்னலும் பெரிய விளக்குதானே. நம் வீடுகளின் திண்ணையும் அப்படித்தான். மேலே கூரை உச்சி வெயிலைத் தடுக்கிறது, முன்னால் திறந்த தெரு முழுக்க வெளிச்சம். உருவப்படத்துக்கு இதைவிட மலிவான ஸ்டுடியோ கிடையாது. திண்ணைகளை இடித்து கிரில் கேட் போட்டதில் போட்டோகிராபர்களுக்கும் நஷ்டம்.

ஆனால் பொது ரசனை போனது வேறு பக்கம். 1975-இல் ஃபேர் அண்ட் லவ்லி கடைக்கு வந்தது. (அந்தப் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்க 2020 ஆனது.) கலர் ஃபிலிம் காலத்தில் இன்னொரு சிக்கல். லேப்களில் நிறத்தைச் சரிபார்க்க கோடாக் அனுப்பிய மாதிரி அட்டையில் இருந்தது ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். 'ஷெர்லி அட்டை' என்றே அதற்குப் பெயர். அவள் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி என்று கணக்கு. லோர்னா ராத் என்ற கனடிய ஆய்வாளர் 2009-இல் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பல நிறப் பெண்கள் சேர்ந்த அட்டையை கோடாக் கொண்டுவர 1990-கள் ஆயின. நீலத் தகட்டின் பழைய கதை கலரில் மறுபடி நடந்தது, அவ்வளவுதான்.

இந்த மரபெல்லாம் கடைசியில் வந்து சேர்ந்த இடங்களில் ஒன்று, பாஸ்போர்ட் சைஸ் படம். தொழிற்பேட்டைகள் வந்த ஊர்களில் வேலைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொருவருக்கும் அது வேண்டும். பயோடேட்டாவுக்கு ஒன்று, கான்ட்ராக்டருக்கு ஒன்று, கேட் பாஸுக்கு ஒன்று. நீலத் துணிக்கு முன் ஸ்டூல், இருபக்கமும் இரண்டு குடை, முகத்தில் நிழலே இல்லாத தட்டையான வெளிச்சம், பத்து நிமிடத்தில் எட்டுப் படம். பிறகு கம்ப்யூட்டரில் முகத்தை மட்டும் ஒரு படி ஏற்றி வெளுப்பார்கள். பென்சில் போய் மவுஸ் வந்தது. பழைய டச்சிங்காரர் வெளுத்ததற்காவது ஒரு நியாயம் இருந்தது, அவருடைய தகடு முகத்தைப் பொய்யாகக் கறுக்க வைத்திருந்தது. இப்போதைய கேமராவுக்கு எல்லா நிறமும் தெரியும். ஆனாலும் கை பழகிவிட்டது. கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அட்டையையும் ஆளையும் மாறி மாறிப் பார்க்கும்போது யாருக்குச் சங்கடம்?

ஸ்ரீபெரும்புதூருக்கும் கேமராவுக்கும் அடுத்த சம்பந்தம் செல்போன். 2006-இல் திறந்த நோக்கியா ஆலை 2014-இல் மூடப்பட்டது. அங்கிருந்து போன்கள் உலகமெங்கும் போன அந்தக் காலத்தில்தான் கேமரா என்பது ஸ்டுடியோவை விட்டு எல்லோர் சட்டைப்பைக்கும் வந்தது. லென்ஸுக்குப் பக்கத்திலேயே ஒட்டியிருக்கும் கடுகளவு எல்இடி ஃபிளாஷும் கூடவே வந்தது. முகத்துக்கு அதைவிட மோசமான வெளிச்சத்தை யோசித்துக் கண்டுபிடிப்பது கஷ்டம். மேலே சொன்ன கணக்கில், மிகச் சின்ன விளக்கு, நேர் எதிரே.

2017-இல் ஆப்பிள், ஐபோன் 8 பிளஸிலும் ஐபோன் 10-இலும் 'போர்ட்ரெய்ட் லைட்டிங்' என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ராமானுஜரின் ஆயிரமாவது ஆண்டு கொண்டாடப்பட்ட அதே வருடம் என்பது தற்செயல். விளக்கே கிடையாது. போன் முகத்தின் மேடு பள்ளத்தைக் கணித்து, இங்கே வெளிச்சம் விழுந்திருந்தால் எப்படி இருக்கும் என்று கணக்குப் போட்டு வரைகிறது. ஒரு விளைவுக்குப் பெயரே 'ஸ்டுடியோ லைட்'. கண்ணாடிக் கூரை, சீலை, அலுமினியத் தட்டு எல்லாம் ஒரு பட்டனுக்குள் போய்விட்டது. 2019 முதல் ஸ்ரீபெரும்புதூரின் ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கியிருக்கும் இளம் பெண்கள். கேட் பாஸுக்காக வெளுக்கப்பட்ட முகத்தோடு உள்ளே போய், முகத்துக்கு வெளிச்சம் போடும் கருவியைப் பூட்டி அனுப்புகிறார்கள்.

கணக்குப் போடும் வெளிச்சத்துக்கும் ஷெர்லி அட்டை மாதிரி ஒன்று உள்ளே இருக்கத்தான் செய்யும். எந்த முகங்களைக் காட்டிப் பழக்கினார்களோ அந்த முகங்களுக்கே அது நன்றாக வேலை செய்யும். கூகுள் 2021-இல் பிக்சல் 6-இல் கருந்தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்றே 'ரியல் டோன்' என்று ஒரு ஏற்பாட்டைச் சேர்த்தது. அடுத்த ஆண்டு ஹார்வர்டின் எல்லிஸ் மாங்க் உருவாக்கிய பத்துப் படித் தோல் அளவுகோலையும் வெளியிட்டது. தர்ஸ்டனின் அளவுகோலைப் படித்த பிறகு 'தோல் அளவுகோல்' என்ற வார்த்தை கொஞ்சம் உறுத்தும். ஆனால் இது ஆளை வகைபிரிக்க அல்ல, கேமராவின் கண்ணைச் சோதிக்க.

இதற்கிடையில் நிஜமான தட்டும் மலிந்துவிட்டது. சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. கையில் அதுவும் இல்லாதவர்கள் எவர்சில்வர் பேசினுக்கு உள்ளே வெள்ளை பெயின்ட் அடித்து, நடுவில் வண்டிக்கு ஒட்டும் சின்னக் குவிக் கண்ணாடியைப் பொருத்திச் செய்துகொள்கிறார்கள். அதுவும் நன்றாகவே வேலை செய்கிறது. கல்யாண மண்டபங்களில் மணப்பெண்ணுக்கு இந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பையன் கூடவே ஓடுகிறான். கன்ன எலும்பில் வெளிச்சம் அழகாகப் பரவுகிறது, கண்ணில் வட்டம் விழுகிறது, பெண்ணின் மாநிறம் கேமராவின் திரையில் அப்படியே மின்னுகிறது. ஆல்பம் வடிவமைக்கப் போகும் இடத்தில் அதை மூன்று படி வெளுக்கிறார்கள்.